ஆவுடையம்மாள் கழுவிய அண்டா

நல்லூரணியில் அந்த வருஷத்து ஆவணி முதல் முகூர்த்தத்தில் சாம்பார் இனித்தது.

ஒரு துண்டு வெல்லத்தைத் தட்டிப் போட்டால் வருகிற இனிப்பில்லை, பாகு இனிப்பு, ஆனாலும் முதல் பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டார் இது பெண் வீட்டு ஊர்ப் பக்குவம் போலிருக்கிறது என்று மரியாதைக்குப் பேசாமல் சாப்பிட்டார்கள், இரண்டாம் பந்தியில் உட்கார்ந்த பெண் வீட்டார் இது மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கிய பக்குவம் போலிருக்கிறது என்று அதே மரியாதைக்குப் பேசாமல் சாப்பிட்டார்கள், மூன்றாம் பந்தியில்தான், மரியாதைக்கும் தனக்கும் சம்பந்தமே வைத்துக்கொள்ளாத தபால்காரர் சுந்தரவேலு, ரசத்தை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "ஏம்ல, பாயசத்தை எதுக்கு இத்தனை தண்ணியா விட்டிருக்கிய?" என்று கேட்டு மண்டபத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். மறுநாள் மாப்பிள்ளைக்கு வைத்த தேங்காய்ப்பால் சொதியும் இனித்தது. சமையல்காரர் குற்றாலிங்கத்துக்கு முப்பது வருஷத்துப் பேர் ஒரே நாளில் போயிற்று.

குற்றாலிங்கம் உப்பை நக்கிப் பார்த்தார், அது உப்பாகத்தான் இருந்தது. பருப்பை மென்று பார்த்தார், புளியைச் சப்பிப் பார்த்தார், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், கடைசியில் யாரும் பார்க்காத நேரத்தில் காலி அண்டாவுக்குள் தலையை விட்டு அதன் அடியை நக்கிப் பார்த்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு நேரே அண்டா எங்கிருந்து வந்ததோ அங்கே நடந்தார்.

அண்டா வந்தது வேலாயுதத்தின் வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து. நல்லூரணியில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கருமாதி என்று எது நடந்தாலும் அந்தக் கடையின் அண்டாவும் தேக்சாவும் கரண்டியும் ஜமக்காளமும் போய்த்தான் ஆகவேண்டும், போனது போலவே கரியும் எண்ணெயுமாகத் திரும்பி வந்துதான் ஆகவேண்டும், வந்ததையெல்லாம் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்கிறவள் வேலாயுதத்தின் மனைவி ஆவுடையம்மாள். குற்றாலிங்கம் போனபோது அவள் ஒரு இட்லிக் கொப்பரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"மைனி, கையைக் கொஞ்சம் காட்டுங்க."

அவள் காட்டினாள். அவர் ஒரு செம்புத் தண்ணீரை அவள் கைமேல் ஊற்றி, கீழே தன் உள்ளங்கையை ஏந்தி, தீர்த்தம் போலக் குடித்தார்.

"இனிக்கி மைனி."

"அப்படியா?" என்றாள் ஆவுடையம்மாள். கொப்பரையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்க்க ஆரம்பித்தாள். நாலு நாளாகச் சீனி போடாத காப்பி இனித்ததும், நீராகாரம் இனித்ததும், பல் தேய்க்கிற வேப்பங்குச்சி இனித்ததும் அவளுக்குத் தெரியும். நாக்கும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தாள். இந்த வியாதி வந்த நாளிலிருந்து அது போகும், இது போகும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்ததில், போனது நாக்குத்தானே என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அவளுக்குச் சுகர் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. வந்த நாளிலிருந்து ஒருத்தரும் அவளை, எப்படி இருக்கே என்று கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும், கோவிலில் பார்த்தாலும், துஷ்டி வீட்டில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு மூக்கைச் சிந்துகிற இடைவெளியில் பார்த்தாலும், "சுகர் எவ்வளவு இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். அவள் ஒரு எண்ணைச் சொல்வாள். எண் கூடுதலாக இருந்தால் அவள் ஏதோ திருடித் தின்றுவிட்டது போல ஒரு பார்வை பார்ப்பார்கள், குறைவாக இருந்தால், "அப்படியே வச்சுக்கோ" என்பார்கள், அதை என்னவோ அவள் அலமாரியில் வைத்துப் பூட்டி வைத்திருக்கிறது மாதிரி. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பொம்பளை நிற்கிறாள், அவளுக்கு அலுப்பாக இருக்கிறது, ஒவ்வொரு வாய்க்கும் கணக்குப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சோறே வெறுத்துவிட்டது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கேள்வி வரவேண்டுமே.

கை இனிக்கிற சேதி ஒரு நாளில் ஊர் முழுக்கப் போனது. ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழை சீக்கிரம் வந்துவிட்டால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி; கொஞ்சம் முனகிவிட்டு, உடனே அதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தது. குற்றாலிங்கம் பாயச அண்டாவை மட்டும் மைனி கழுவட்டும், அரை மணி நேரம் அதற்குள் கையை விட்டு அளையட்டும், மற்றதைக் கழுவ வேறு ஆள் போடுங்கள் என்றார். சீனியே போடாமல் வைத்த பாயசத்தைக் குடித்த சனம் இப்படி ஒரு பாயசம் பிறந்ததிலிருந்து குடித்ததில்லை என்றது. பலசரக்குக் கடைக்காரர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், சீனியில் மிச்சமானதை ஊர் முந்திரியிலும் கிஸ்மிஸிலும் கொண்டுவந்து போடுவதைப் பார்த்ததும் இறக்கி வைத்துவிட்டார். கோவிலில் பஞ்சாமிர்தம் பிசைய அவளைக் கூப்பிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு மாதா கோவில் தெருவிலிருந்து கேக் மாவு வந்தது. பள்ளிவாசல் தெருவில் பிரியாணிக்கு அண்டா எடுக்க வந்தவர்கள் மட்டும், "மைனி கைபடாத அண்டாவாப் பாத்துக் குடுங்க அண்ணாச்சி, புண்ணியமாப் போவும்" என்று கும்பிட்டுக் கேட்டு வாங்கிப் போனார்கள். கடையில் அண்டாக்கள் இரண்டு அடுக்காகப் பிரிந்தன, கைபட்டது ஒரு அடுக்கு, கைபடாதது ஒரு அடுக்கு.

அந்தக் கையை வைத்துக்கொண்டு ஆவுடையம்மாள் எப்படிச் சாப்பிட்டாள் என்று ஊர் யோசிக்கவில்லை. அவள் பிசைந்த சோறு சர்க்கரைப் பொங்கலானது, அவள் ஒடித்த முருங்கைக்காய் ஜீராவில் போட்டதானது, அவள் தூக்கிக் குடித்த மோர் ஒரு வாய் உள்ளே போனால் ஒரு மணி நேரத்தில் கண் இருண்டது. கரண்டியால் சாப்பிட்டால் இனிப்பு காம்பு வழியாக மெதுவாக இறங்கிவரும், அது குழிக்கு வந்து சேருவதற்குள் வாயில் போட்டு விழுங்கிவிடவேண்டும். நீளக் காம்பு வைத்த சாம்பார்க் கரண்டியால், யாரோ துரத்துகிறது போல அவள் உப்புமா சாப்பிடுவதைப் பார்த்து வேலாயுதத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முதலில் கொஞ்ச நாள் அவரே ஊட்டிவிட்டார். கல்யாணமான புதிதில்கூட ஊட்டாத மனுஷன், புளியோதரையை உருட்டி உருட்டி அவள் வாயில் வைத்தபோது, அவளுக்கு இந்த வியாதி வந்ததே நல்லதுக்குத்தானோ என்று இருந்தது. பிறகு கடையில் கைபட்ட அண்டாவுக்கு நாலு ஊரிலிருந்து ஆள் வந்து நிற்க, அவருக்கு நேரமில்லாமல் போயிற்று. சாம்பார்க் கரண்டி திரும்ப வந்தது.

டாக்டரம்மா அவள் விரலைத் தடவி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மாத்திரையைக் கூட்டி, ஊசியைச் சேர்த்து எழுதிவிட்டு, "மெயினா கவலைப்படாதீங்கம்மா. கவலைப்பட்டாலே உங்களுக்கு ஏறும்," என்றாள். ஆவுடையம்மாள் தலையாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கவலைப்பட்டுவிடுவோமோ என்பது அன்றிலிருந்து அவளுக்கு இன்னொரு கவலையாயிற்று.

டாக்டரம்மா அறைக்குள் சொன்னதை ஊர் தானாகவே கண்டுபிடித்தது, அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில். அன்றைக்குப் பாயசம் சப்பென்று இருந்தது. ஆயிரம் பேர் இலையில் ஊற்றிய பிறகு, ஊர்க்காரர் அத்தனை பேரும் விரலைச் சப்பிவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். குற்றாலிங்கம் பின்கட்டுக்கு ஓடினார்.

"மைனி, காலையில அண்டாவுல கையை விட்டியளா, இல்லையா?"

"விட்டேனே. ஒரு மணி நேரம்லா உக்காந்திருந்தேன்."

"பொறவு என்ன செஞ்சிய?"

"ஒண்ணும் செய்யல. ரஞ்சனி போன் பண்ணா. முழுகாம இருக்காளாம்," என்றாள் ஆவுடையம்மாள். சொல்லும்போதே அவள் முகம் அப்படி மலர்ந்தது. ரஞ்சனி அவளுடைய ஒரே மகள், தென்காசியில் கட்டிக்கொடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

குற்றாலிங்கம் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, அவள் கையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் குடித்துப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீராகவே இருந்தது. வாழ்நாள் முழுக்க உப்பு கூடினால் என்ன, புளி குறைந்தால் என்ன என்று பார்த்தே பிழைத்த மனுஷனுக்கு இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் தன் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். காப்பி குடித்தார்கள். மழை தண்ணி பற்றிப் பேசினார்கள். பிறகு மெதுவாக, ரொம்பப் பிரியமாக, அவர் மனைவி ஆரம்பித்தாள்.

"எங்க பெரியத்தானுக்கும் உங்களை மாதிரிதான் மைனி. கால் லேசா மரத்துதேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாவ. செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம வீடு வரைக்கும் நடந்து வந்திருக்காவ. ஒரு முள்ளுதான். சின்ன முள்ளு..."

ஆவுடையம்மாள் தன் பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். மறுநாள் பாயசம் தொண்டையைக் கரகரக்க வைக்கிற அளவுக்கு இனித்தது.

ஊரில் கெட்டவர்கள் யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். சுகர்காரர்களிடம் இந்தக் கதைகளைச் சொல்வது நல்லூரணிக்கு ஒன்றும் புதுப் பழக்கமும் இல்லை. எட்டு வருஷமாக வருகிறவர் போகிறவரெல்லாம் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு இதைத்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். இப்போது அதற்கு ஒரு நாளும் நேரமும் வந்துவிட்டது, அவ்வளவுதான். எந்த வீட்டில் விசேஷமோ அந்த வீட்டுக்காரர்கள் முந்தின நாள் வெற்றிலை பாக்கு, சாத்துக்குடி சகிதம் வந்து உட்கார்ந்து, கட்டைவிரலை எடுத்த கதையையும், பிறகு பாதத்தை எடுத்த கதையையும், பிறகு முழங்காலோடு எடுத்த கதையையும், காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோதே எழுத்து ஒவ்வொன்றாக மங்கிப் போனவரின் கதையையும், வாரத்துக்கு இரண்டு நாள் மிஷினில் ரத்தத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிற மச்சினியின் கதையையும், தூக்கத்திலேயே போனவரின் கதையையும், தூக்கத்தில் போகாதவரின் கதையையும், "பாத்து இருங்க மைனி, நீங்க நல்லாருக்கணும்" என்று முடித்து, அவள் கையைத் தொட்டு முகர்ந்துபார்த்து, திருப்தியாக எழுந்து போனார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள் ஜாதகம் சேகரிப்பது போல, விசேஷம் வைத்திருக்கிறவர்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய் அவள் இதுவரை கேட்டிராத கதையாகச் சேகரித்துக்கொண்டு வந்தார்கள், கேட்ட கதைக்கு இனிப்பு குறைவாக வந்தது.

அவளுக்குத் தெரியும். எதற்கு வருகிறார்கள் என்று தெரிந்தேதான் காப்பி போட்டுக் கொடுத்தாள், தெரிந்தேதான் கதையைக் கேட்டாள், இன்றைக்குப் பயப்படக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். ஆனால் பயம் என்ன, வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உத்தரவு கேட்டுக்கொண்டா உள்ளே வரும்? உள்ளங்கை முதலில் பிசுபிசுக்கும், பிறகு எங்கிருந்தோ ஒரு எறும்பு வரும்.

ஒரு நாள் மத்தியானம் அவள் புருஷனிடம் வாய்விட்டே சொன்னாள்.

"ஏங்க, எனக்குப் பயமா இருக்கு. நெசமாவே ரொம்பப் பயமா இருக்கு."

வேலாயுதம் ஜமக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவள்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. 

"இன்னைக்கு எதுக்குளா பயப்படுத? இன்னைக்கு ஒரு விசேஷமும் இல்ல. வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக் காதுகுத்து இருக்கு, அன்னைக்குப் பூரா பயந்துக்க," என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே காதில் விழுந்தது. ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஊரில் பிள்ளை பிறந்தால் சேனை தொட்டு வைப்பது வழக்கம். பிறந்த பிள்ளையின் நாக்கில், சீனித் தண்ணீரை விரலால் தொட்டு முதல் சொட்டு வைக்கிறவர் யாரோ அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் யாரைக் கூப்பிடுவது என்பதில் பெரிய யோசனையெல்லாம் நடக்கும், நிதானமான ஆள், வாய் நல்ல ஆள், மனசு நல்ல ஆள் என்று தேடுவார்கள். ஆவுடையம்மாளின் கை இனிக்க ஆரம்பித்த பிறகு நல்லூரணியில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்தன. விரலில் சீனியையே வைத்துக்கொண்டு ஒருத்தி இருக்கும்போது, ஒருத்தர்கூட அவளைச் சேனை வைக்கக் கூப்பிடவில்லை. பாயசத்துக்கு ஆகிற கை பிள்ளை நாக்குக்கு ஆகாது. வியாதியும் சேர்ந்து வந்துவிட்டால்? அவளும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் வெளியே காட்டிக்கொண்டாள். உள்ளுக்குள் அது முள்ளாகக் கிடந்தது.

ரஞ்சனிதான் ஏழாம் மாசம் வளைகாப்பில் எல்லார் முன்னாலும் சொன்னாள். "எம் பிள்ளைக்கு எங்கம்மாதான் சேனை வைக்கணும்."

அன்றிலிருந்து ஆவுடையம்மாளுக்கு அது ஒன்றுதான் நினைப்பு. தன் வியாதி ஒட்டிக்கொள்ளாது என்று டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் பயந்தது வேறொன்றுக்கு. வைக்கிறவளின் குணம் வரும் என்றால், வைக்கிற நேரத்தில் அவள் மனசு எப்படி இருக்கிறதோ அதுதானே போய்ச் சேரும்? எட்டு வருஷமாகத் தனக்குள் இருக்கிற இந்த நடுக்கத்தை அந்தப் பச்சைமண்ணின் நாக்கில் வைப்பதா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் பயமில்லாத விரல் வேண்டும், சீனித் தண்ணீரைத் தொட்டு வைத்தால் மட்டும் இனிக்கிற, எல்லோருக்கும் இருக்கிற மாதிரி ஒரு வெறும் விரல். அவள் ஊர்க்கூட்டம் நடந்த இடத்துக்கே போய் நின்றாள்.

"எம் பேரப்பிள்ளை பிறக்குற வரைக்கும் யாரும் என்கிட்ட எதுவும் சொல்லாதிய. பாயசத்துக்குச் சீனி போட்டுக்கிடுங்க."

 குற்றாலிங்கம்தான் எழுந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார். "என்ன மைனி நீங்க, இதைப் போய்க் கேக்கணுமா? நம்ம ரஞ்சனி பிள்ளைலா? வாயே தொறக்க மாட்டோம்."

திறக்கவும் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். கடையில் வாங்கிய சீனியில் வைத்த பாயசத்தை முகம் சுளிக்காமல் குடித்தார்கள். அவளைத் தெருவில் பார்த்தால் சுகர் எவ்வளவு என்று கேட்க வாயெடுத்து, வெயிலைப் பற்றியோ தண்ணீர் லாரியைப் பற்றியோ பேசிவிட்டுப் போனார்கள். ஆவுடையம்மாள் காலையில் ஊருணிக் கரையில் நடந்தாள், ராத்திரி நேரத்துக்குத் தூங்கினாள். ஒரு நாள் மத்தியானம், பழக்கத்தில் சாம்பார்க் கரண்டியைத் தேடி எடுத்தவள், அதைக் கீழே வைத்துவிட்டு, தட்டில் இருந்த கொஞ்சம் சோற்றில் மோரை விட்டுக் கையாலேயே பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தாள். புளித்தது. மோர் புளித்தது, உப்பு கரித்தது, கடித்துக்கொண்ட மிளகாய் உறைத்தது. கண்ணில் தண்ணீர் வரவர அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள், கதவு நிலையில் நின்ற வேலாயுதம் உள்ளே வராமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தென்காசி ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று தாய்வீட்டுக்கு வராமல் இருந்துவிட்ட ரஞ்சனிக்குப் பெண் பிள்ளை பிறந்தது என்று சேதி வந்ததும், ஒரு வேன் பிடித்து ஊரே கிளம்பியது. ஆவுடையம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். குற்றாலிங்கம் மடியில் ஒரு பொட்டலம் சீனி வைத்திருந்தார். வழியெல்லாம் அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தபால்காரர் சுந்தரவேலு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டு வந்தார், அவளும் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்படி ஒரு லேசான மனசு அவளுக்கு இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளை வாயில் தேன், சீனி எதுவும் வைக்கக் கூடாது என்று எழுதியே ஒட்டியிருந்தார்கள். சுந்தரவேலு நர்ஸ் வருகிறாளா என்று பார்க்கக் கதவருகே நின்றார். ரஞ்சனி களைத்துப் படுத்திருந்தாள். அவள் மாமியார் தெய்வானை பிள்ளையை எடுத்து ஆவுடையம்மாள் மடியில் வைத்து, "சீனியெல்லாம் எதுக்கு? உங்க விரலே போதும் சம்பந்தி. எங்க ஊர்லயும் பெருமையாப் பேசிக்கிடுதாவ," என்றாள்.

ஆவுடையம்மாள் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஆளுக்கு ஆள், ஆமா ஆமா என்றார்கள். அவள் விரலைப் பிள்ளை உதட்டில் வைத்தாள். பிள்ளை ஒரு தடவை நக்கிவிட்டு, முகத்தைச் சுளித்து, அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

அறைக்குள் இருந்தவர்களுக்கு மனசு விட்டுப்போயிற்று. இத்தனை பேர் வாயை இனிக்க வைத்த கை, சொந்தப் பேத்திக்குச் சப்பென்று இருக்கலாமா? குற்றாலிங்கம் மடியில் இருந்த பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததால் அவரும் மற்றவர்களும் தெய்வானையைப் பார்த்தார்கள். தெய்வானை நல்லூரணிக் கூட்டத்தில் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. சம்பந்தியின் கை எதற்கு இனிக்கும் என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அவள் ஆவுடையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் கையை வைத்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னாள்.

"சம்பந்தி, உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு ரஞ்சனி சத்தியம் வாங்கியிருந்தா. அவளுக்கும் ஏழாம் மாசத்துல இருந்து சுகர். ஊசிதான் போடுதோம். பிள்ளை காலைப் பாருங்க."

ஆவுடையம்மாள் துணியை விலக்கினாள். கட்டைவிரல் அளவுகூட இல்லாத அந்தக் குதிகாலில் ஒரு பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தது. அம்மாவுக்குச் சுகர் என்பதால் பிள்ளைக்கும் பார்க்கவேண்டும் என்று, பிறந்து கொஞ்ச நேரத்திலேயே குத்தி எடுத்திருந்தார்கள்.

கை பிசுபிசுத்தது. அவள் விரலை எடுக்கப் பார்த்தாள். ஆனால் பிள்ளை தலையைத் திருப்பி, அந்த விரலைத் தானாகத் தேடி, ஈறால் கவ்விச் சப்ப ஆரம்பித்தது. அப்படி ஒரு பசி. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு சப்பியது, சப்பச் சப்ப அதன் முகம் மலர்ந்து உதட்டோரத்தில் சிரிப்புப் போல ஒன்று வந்தது.

"சிரிக்கா பாருங்க! பாட்டி இனிப்பு இறங்குது பாருங்க!" என்று தெய்வானை கைதட்டினாள். எல்லோருக்கும் கண் கலங்கியது. குற்றாலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆவுடையம்மாள் மட்டும், "விட்டுருட்டி, என் தங்கம், விட்டுரு, வேண்டாம்," என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டேயிருந்தாள். கொஞ்சுகிறாள் என்று நினைத்தார்கள். பயமில்லாமல் இருக்க இத்தனை மாதம் அவள் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரு வாய்ப் பேச்சில் போய்விட்டது, எது போகக் கூடாதோ அது சொட்டுச் சொட்டாக அந்தச் சின்னத் தொண்டைக்குள் போய்க்கொண்டிருந்தது, அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நர்ஸ் வருகிறாள் என்று சுந்தரவேலு சைகை காட்ட, கூட்டம் திருப்தியாக வெளியே கலைந்தது. நர்ஸ் வந்து, ரஞ்சனியின் காய்ச்சலைப் பார்த்து, பக்கத்து மேஜையில் ஒரு தம்ளர் வெந்நீரை வைத்துவிட்டுப் போனாள். பிள்ளை விரலை வாயில் வைத்தபடியே தூங்கிவிட்டிருந்தது. அறையில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

ரஞ்சனி மெதுவாக எழுந்து உட்கார்ந்து, தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். குடித்துவிட்டுத் தம்ளருக்குள் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"எம்மா, இந்தத் தண்ணி ஏன் இனிக்கி?"

ஆவுடையம்மாள் அறைக்குள் வந்ததிலிருந்து அந்த மேஜைப் பக்கம்கூடப் போகவில்லை. ஒரு கை பிள்ளையின் தலைக்கு அடியில் இருந்தது, இன்னொரு கை பிள்ளையின் வாயில் இருந்தது.

"நான் தொட்டிருப்பேன்ட்டி," என்றாள்.

"நீ தொடலயேம்மா."

"தொட்டேன். நீ பாக்கல."

ரஞ்சனி தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள். ஆவுடையம்மாளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, சுகர் எவ்வளவு இருக்கு என்ற அந்தக் கேள்வி. எட்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது ஒன்றுதான் முதலில் வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டு, வேறொன்றைத் தேடினாள்.

"பயமா இருக்காட்டி?"

ரஞ்சனி தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டேயிருந்தாள், கண்ணீர் கன்னத்தில் இறங்கி ஓடியது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள் ஆவுடையம்மாள்.  பயப்படாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அது எவ்வளவு லேசான வார்த்தை என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையின் வாயிலிருந்து விரலை மெல்ல உருவிக்கொண்டு, பிள்ளையைத் தொட்டிலில் விட்டாள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிளாஸ்கிலிருந்து வேறு தண்ணீர் ஊற்றினாள். முந்தானையை நாலாக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு, தம்ளரின் விளிம்பை மட்டும் பிடித்து மகள் வாயருகே கொண்டுபோனாள்.

"சீக்கிரம் குடிச்சிரு. இனிப்பு இறங்குறதுக்குள்ள."

ரஞ்சனி அம்மாவின் கையை அப்படியே தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். அதுவும் இனித்தது. யார் கையால் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.